வட்டமாகப் போட்ட கதிரைகள்

மோர்னிங்சைட், ரொறன்ரோ
ஏப்ரல் 21, 2023

அன்பு ராணி,

இங்கே எல்லோரும் எழும்பி நடமாடுகிறோம். அதையே சுகம் என்று எழுதிவிடுகிறேன். உம்முடைய முழங்கால் வீக்கம் வற்றியதா? தொலைபேசியில் கேட்கலாம்தான். ஆனால் நான் பேசத் தொடங்கினால் உம்முடைய அண்ணை பக்கத்தில் நின்று "ஆர் அது, ஆர் அது" என்று கேட்டபடி இருப்பார். உமக்கும் காது முன்போல இல்லை. கடிதம் என்றால் அவர் பகலில் கண்ணயரும் நேரத்தில் எழுதிக்கொள்ளலாம்.

போன மாதம் ஒரு பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். வீடுகளுக்கு உதவியாளர்களை அனுப்பும் அரசாங்க அலுவலகத்திலிருந்து, அண்ணையின் மறதி எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்க்க வந்தவர். அவர் என்ன சாப்பிடுகிறார், எப்படித் தூங்குகிறார், குளிக்க வார்க்க விடுகிறாரா என்றெல்லாம் விசாரித்தார். எல்லாவற்றுக்கும் என்னிடம் விடை இருந்தது. பிறகு பேனையை மூடி வைத்துவிட்டு, "நீங்கள் கடைசியாக எப்போது சாப்பாட்டைச் சூடாகச் சாப்பிட்டீர்கள்?" என்றார்.

எனக்கு விடை தெரியவில்லை. வகுப்பில் விடை தெரியாத பிள்ளை கூரையைப் பார்க்கும். நானும் கூரையைப் பார்த்தேன்.

நேற்றையதையே உதாரணமாகச் சொல்கிறேன். சோற்றைப் போட்டுக்கொண்டு இருந்தேன். வாசல் கதவுப் பூட்டை அவர் ஆட்டும் சத்தம். எழும்பினேன். வேலைக்குப் போன காலம் போலவே, "கந்தோருக்கு நேரமாச்சு" என்றார். சப்பாத்தைக் கழற்றி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து இருத்தினேன். தேத்தண்ணியை மடியில் ஊற்றிக்கொண்டார். சாரம் மாற்றி வந்து பார்த்தால் சோறு விறைத்துக் கிடந்தது. நின்றபடியே சாப்பிட்டேன். இது ஒரு நல்ல நாள்.

அந்தப் பெண் அண்ணையின் பெயரைப் பராமரிப்பு இல்லங்களின் வரிசையில் போடச் சொன்னார். வரிசை நீளம். இடம் வந்தால் மறுநாளைக்குள் ஓம் அல்லது இல்லை சொல்லவேண்டும். இல்லை என்றால் பெயர் வெட்டுப்படும். நான் கையெழுத்து வைத்துவிட்டேன். பெயர் மட்டும்தான் கொடுத்திருக்கிறேன். உமக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது.

இன்னொன்று. மகன் நிரூபன் மண்டலின் பழகுகிறான். ஆகஸ்டில் ஒரு வயல்வெளியில் நாட்டுப்பாட்டு விழாவாம். கூடாரம் அடித்து வார இறுதி முழுக்கத் தங்குவார்களாம். அவனும் மருமகள் மிதுஷாவும் என்னையும் வரச் சொல்கிறார்கள். அந்த நாட்களில் அண்ணையை வைத்துப் பார்க்க ஒரு இடம் இருக்கிறதாம். நான் இன்னும் ஓம் சொல்லவில்லை.

உம்முடைய மகள் துர்க்காவுக்கு வேலை கிடைத்ததா?

அன்புடன்,
மனோரஞ்சிதம்

*

கோண்டாவில்
மே 15, 2023

மச்சாளுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. முழங்கால் அப்படியேதான். வெயில் தாங்க முடியவில்லை. வேறு குறை இல்லை.

பெயர் மட்டும்தான் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பெயரைக் கொடுத்தால் ஆளைக் கொடுத்த மாதிரித்தான் மச்சாள். அண்ணை ஆர் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஐயா செத்த பிறகு என்னைப் படிப்பித்தது அவர். தொண்ணூற்றைந்தில் ஆமி வருகுது என்று யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிட்டு ஓடின அன்று, அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, அந்த மழைக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டும் மட்டும் உருட்டிக்கொண்டு போனவர். ரோட்டுக்கரையில் எத்தனை கிழங்களை விட்டுவிட்டுப் போனார்கள். அண்ணை விடவில்லை. நடக்க மாட்டாத தாயை ஒருவர் கையிலும் கொடுக்காத மனிசனை நீங்கள் முன்பின் தெரியாத ஆட்களின் கையில் கொடுக்கப் போகிறீர்கள்.

எனக்கு ஒன்று எழுதி அனுப்புங்கோ. "அண்ணையை ஒருத்தற்றை கையிலயும் விடமாட்டன்" என்று. அது வந்தால்தான் எனக்கு நித்திரை வரும்.

பாட்டு விழாவுக்குப் போவதும் போகாததும் உங்கள் விருப்பம்.

துர்க்கா ரவுணில் ஏதோ ஒரு படிப்புக்குப் போய் வருகிறாள். அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.

யோகராணி

*

மோர்னிங்சைட்
ஜூன் 11, 2023

அன்பு ராணி,

உம்முடைய கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இங்கே வெயில் வந்துவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை, களைப்பைத் தவிர.

நிரூபனின் மண்டலினைப் பற்றி எழுதுகிறேன். கொரோனா அடைப்புக் காலத்தில் விட்பி வீட்டில் அடைந்து கிடந்தபோது காணொளி பார்த்துப் பழகினானாம். நம்முடைய கச்சேரி மண்டலின் இல்லை. இது வெள்ளைக்காரக் கமக்காரர் கொட்டில்களில் வாசித்த சங்கீதம். வேகமாக, ஓடுகிற கோழியைப் பிடிக்கிற மாதிரி வாசிக்கிறான். ஞாயிறுகளில் வந்து அப்பாவுக்கு முன்னால் இருந்து வாசிப்பான். அண்ணை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி எந்த ஊர்?" என்பார். அவன் "விட்பி, ஐயா" என்பான். "நல்லா வாசிக்கிறீர். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்" என்பார். அவன் வெளியில் போய்த் தன் வான் வண்டிக்குள் ஏறி இருந்து, கொஞ்ச நேரம் அதை எடுக்காமல் நிற்பான். நான் ஜன்னலால் பார்ப்பேன்.

அண்ணை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் இப்போது குறைவு.

விழாவுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நீர் கேட்டதற்குப் பதில் பிறகு எழுதுகிறேன். கை வலிக்கிறது.

அன்புடன்,
மனோரஞ்சிதம்

*

கோண்டாவில்
ஜூலை 9, 2023

மச்சாளுக்கு,

நாங்கள் இருக்கிறோம்.

உங்கள் கடிதத்தில் நான் கேட்டது இல்லை. மண்டலின் இருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு என்றால் பிறகு எப்படிக் கூப்பிடுகிறார்? அதையும் எழுதவில்லை.

இந்தக் கடிதத்துக்குள் நல்லூர் விபூதி வைத்திருக்கிறேன். அண்ணைக்குப் பூசி விடுங்கோ. துர்க்கா சுகம்.

யோகராணி

*

மோர்னிங்சைட்
ஆகஸ்ட் 16, 2023

அன்பு ராணி,

விபூதி வந்தது. பூசினேன். அண்ணை என் கையைத் தட்டிவிடாமல் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

விழாவுக்குப் போய் வந்துவிட்டோம். போகிற வழியில் அவரை அந்த இடத்தில் விட்டோம். கட்டிலில் இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் திரும்பியிருப்பேன்.

ஸ்ரௌவ்வில் என்ற ஊரைத் தாண்டி வடக்கே நெடுநேரம் போகவேண்டும். மேட்டுநிலத்தில் ஒரு பெரிய வயல். ஒரு அந்தத்தில் மேடை. மற்றப்பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் கூடாரங்களும் வீட்டு வண்டிகளும். நான் றைஸ் குக்கரைக் கொண்டு போனேன். மிதுஷா ஏற்றும்போதே "மாமி, வயலுக்குள்ள எங்க பிளக் குத்தப் போறீங்கள்?" என்று கேட்டாள். நான் கேட்கவில்லை. பிறகு அதற்குள் வெங்காயம் போட்டு வைத்தோம். மற்றபடி காஸ் அடுப்பு, இடியப்பத் தட்டு, வீட்டிலேயே உருட்டிக் குளிரூட்டிய ரோல்ஸ். வானுக்குள் இடமில்லாமல் மண்டலினைத்தான் மடியில் வைத்துக்கொண்டு வரவேண்டியதாயிற்று.

தறப்பாளைக் கட்டி, அதன் கீழ் மடக்குக் கதிரைகளை வட்டமாகப் போட்டேன். இருந்து சாப்பிடுவதற்குத்தான். அயலில் வெறுமையாகக் கிடந்த இரண்டு கதிரைகளையும் இரவல் வாங்கிப் போட்டேன். ஆட்கள் வந்தால் இருக்க இடம் வேண்டுமே என்று கையே போட்டுவிட்டது. பின்னேரம் நான் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருக்கையில், தாடி வைத்த பெரிய மனிதர் ஒருவர் பிடிலோடு வந்து தலையை அசைத்துவிட்டு ஒரு கதிரையில் இருந்தார். பிறகு பாஞ்சோவோடு ஒரு பெண். பிறகு ஆளளவு பாஸ் வாத்தியத்தை உருட்டிக்கொண்டு ஒருவர். நான் நிரூபனின் சினேகிதர்கள் என்று நினைத்தேன். நிரூபன், அம்மா அயலாரைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறா என்று நினைத்தானாம். ஒருவரும் கூப்பிடவில்லை. அந்த விழாவில் கதிரைகளை வட்டமாகப் போட்டு வைத்தால், வாருங்கள், இருந்து வாசியுங்கள் என்று அர்த்தமாம். இதை எட்வேட் என்ற அந்தத் தாடிக்காரர் மறுநாள் சொன்னார்.

வந்து இருந்தவர்களுக்கு ஒன்றும் கொடுக்காமல் விடலாமா? ரோல்ஸைக் கொடுத்தேன்.

மறுநாள் பின்னேரம் தறப்பாளுக்குக் கீழே வந்த ஆட்களுக்கு இடம் காணவில்லை. ரோல்ஸ் கதை வயல் முழுக்கப் பரவிவிட்டது. ஒரு பாட்டு முடிய எட்வேட் அடுத்த ஆளைப் பார்த்துத் தலையை அசைப்பார். அவர் ஒரு பாட்டைத் தொடங்குவார், மற்றவர்கள் சேர்வார்கள். சுற்றி வந்து என்னைப் பார்த்தும் அசைத்தார். ஏதோ வேண்டுமாக்கும் என்று எழும்பிப் போய் கட்லட் கொண்டுவந்து நீட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த சுற்றில் மறுபடி அசைத்தார். இடியப்பம் கொண்டுவந்தேன். அதன் பிறகு தேத்தண்ணி. முழங்கால் கெஞ்சியது. இவ்வளவு தின்கிற மனிதரை நான் கண்டதில்லை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன். பிளாஸ்க்கோடு மறுபடி எழும்பியபோது நிரூபன் என் சேலைத் தலைப்பைப் பிடித்தான்.

"அம்மா, அவர் சாப்பாடு கேக்கேல்லை. அடுத்த பாட்டு உங்கட முறை எண்டு சொல்லுறார்."

"எனக்கு என்ன பாட்டுத் தெரியும்?"

"பாடத் தேவையில்லை. வேண்டாமெண்டால் தலைய ஆட்டினாக் காணும். பக்கத்தில இருக்கிறவ எடுப்பா."

"கோவிக்க மாட்டினமோ?"

"இவ்வளவு நேரமும் நீங்கள் எழும்பி எழும்பி ஓடினதைத்தான் அவை விளங்காமல் பாத்தவை."

சுற்று வந்தது. எட்வேட் என்னைப் பார்த்தார். நான் மெல்ல, இல்லை என்று தலையை ஆட்டினேன். ராணி, சிரிப்பீர், அதற்கே பிளாஸ்க்கை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் சரி என்று கண்ணைக் காட்டிவிட்டுப் பக்கத்துப் பாஞ்சோப் பெண்ணைப் பார்த்தார். அவள் தொடங்கினாள். வாத்தியங்கள் சேர்ந்தன. ஒருவரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வட்டத்தில் என் கதிரை அப்படியே இருந்தது, நானும் அதில் இருந்தேன். மிதுஷா ஒரு தட்டில் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். ஆவி பறந்தது. எழும்பாமல் சாப்பிட்டு முடித்தேன்.

அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு இனி என்னிடம் ஒரு விடை இருக்கிறது.

ஞாயிறு காலை நிரூபனின் தொலைபேசிக்கு ஒரு அழைப்பு வந்தது. அதை இன்று எழுத ஏலாது. அண்ணை எழும்பிவிட்டார்.

அன்புடன்,
மனோரஞ்சிதம்

*

கோண்டாவில்
செப்டெம்பர் 8, 2023

மச்சாளுக்கு,

ரோல்ஸ் கதையைத் துர்க்கா வாசித்துச் சிரித்தாள். நான் கடைசிப் பந்தியைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த அழைப்பு எங்கேயிருந்து? என்ன சொன்னீர்கள்?

யோகராணி

*

மோர்னிங்சைட்
செப்டெம்பர் 24, 2023

அன்பு ராணி,

சுகம் விசாரித்துவிட்டு எழுதுகிற கடிதம் இல்லை இது. ஆனாலும் உம்முடைய முழங்காலை நினைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன்.

அழைப்பு, வரிசையில் பெயர் கொடுத்த பராமரிப்பு இல்லத்திலிருந்து. ஒரு இடம் வந்திருக்கிறது, நாளைக்குள் சொல்லுங்கள் என்றார்கள். அந்த வயலில் தொலைபேசி தெளிவாகக் கேட்பது மேட்டில் ஒரு மரத்தடியில்தான். நிரூபன் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அங்கே நிறுத்தினான். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு இறங்கி வந்தேன். நம்முடைய தறப்பாளுக்குக் கீழே காலையிலேயே ஒரு வட்டம் கூடியிருந்தது. என் கதிரையில் போய் இருந்தேன். எட்வேட் பார்த்தார். தலையை ஆட்டினேன். பக்கத்துப் பெண் எடுத்தாள். அந்தப் பாட்டு முடியும் வரை இருந்தேன். பிறகு எழும்பினேன்.

"நான் சொல்லட்டோ, அம்மா?" என்று கேட்டான் நிரூபன்.

"வேண்டாம். கையெழுத்து வைச்சது நான். நான்தான் சொல்ல வேணும்."

மேட்டுக்குப் போய், ஓம் என்று சொன்னேன்.

உமக்குப் போன கடிதம் எழுதியபோது அவர் இன்னும் வீட்டில்தான் இருந்தார். அவருடைய சாரங்களில் பெயர் தைத்துக்கொண்டிருந்தேன். இல்லத்தில் உடுப்பு மாறிவிடும் என்று தைக்கச் சொன்னார்கள். அதற்கு அடுத்த கிழமை கொண்டுபோய் விட்டோம். இரண்டு பஸ் மாறினால் போகலாம். மத்தியானம் ஊட்ட நான் போகிறேன். மற்ற நேரம் அவர்கள்.

நீர் கேட்ட வார்த்தையை நான் எழுதி அனுப்பவில்லை. எழுதியிருந்தால் பொய்யாகியிருக்கும். அதனால்தான் மண்டலினைப் பற்றி எழுதினேன்.

பாலத்துக் கதையை நினைவூட்டியிருந்தீர். நானும் அங்கே இருந்தேன், ராணி. அதை முழுதாகச் சொல்லவேண்டும். செம்மணியில் அண்ணைக்குக் கை விறைத்துப்போயிற்று. சைக்கிளை நீர் வாங்கினீர். பாலத்தில் நான் வாங்கினேன். அக்கரையில் முன்பின் தெரியாத ஒரு பொடியன் வாங்கிக் கைதடி வரை உருட்டினான். அவன் பெயர்கூட நாம் கேட்கவில்லை. அண்ணை அப்போது என்ன செய்தார்? அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தார். அவர் அம்மாவை விட்டார் என்று நீர் ஒருநாளும் சொன்னதில்லை.

நானும் பக்கத்தில் நடக்கிறேன்.

மனோரஞ்சிதம்

*

மோர்னிங்சைட்
ஒக்டோபர் 29, 2023

அன்பு ராணி,

உம்மிடமிருந்து கடிதம் இல்லை. தபால் பிந்துகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இங்கே இலை கொட்டி முடிகிறது. நான் சுகம்.

வீடு அமைதியாக இருக்கிறது. அமைதி வந்தால் தூங்குவேன் என்று நினைத்தேன். இப்போதும் கதவுப் பூட்டு ஆடுவது போலக் காதில் விழுந்து எழும்பிவிடுகிறேன். எழும்பிப் பார்த்தால் பூட்டு பூட்டியபடி இருக்கிறது. திரும்பப் படுக்க மனம் வராது. களைப்பு போய்விட்டது என்று உமக்குப் பொய் எழுத மாட்டேன்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு என்றால் பிறகு எப்படிக் கூப்பிடுகிறார் என்று கேட்டிருந்தீர். பதில் எழுதாமல் விட்டேன். இப்போது எழுதுகிறேன். சித்திரையிலிருந்தே அவருக்கு நான் யாரென்று தெரியாது. அவர் என்னை ராணி என்று கூப்பிடுகிறார்.

முதலில் திருத்தினேன். நான் ராணி இல்லை, மனோ என்றேன். திருத்தினால் முகம் வாடிப்போகும். பிள்ளையின் விடையைத் தேவையில்லாமல் வெட்டிய வாத்தியார் மாதிரி எனக்கு ஆகிவிடும். இப்போது "ஓம் அண்ணை" என்கிறேன். உடனே சிரிப்பார். கையைப் பிடித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பு உமக்குரியது. நான் வாங்கி வைத்திருக்கிறேன். உமக்கு அனுப்ப வழி தெரியாமல் எழுதாமல் இருந்தேன்.

மனோரஞ்சிதம்

*

கோண்டாவில்
நவம்பர் 17, 2023

அன்புள்ள மச்சாள்,

மழை தொடங்கிவிட்டது. முற்றத்தில் கால் வைக்க ஏலாது. உங்கள் இரண்டு கடிதமும் வந்தன. தபால் பிந்தவில்லை. நான்தான் எழுதவில்லை.

அண்ணை என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று வாசித்துவிட்டுக் கடிதத்தைச் சாமி அறையில் கொண்டுபோய் வைத்தேன். அன்று சமைக்கவில்லை.

நானும் ஒன்றை எழுதாமல் விட்டுக்கொண்டே வந்தேன். துர்க்கா படிக்கிறது வயதானவர்களைப் பராமரிக்கிற படிப்பு. தை மாதம் இங்கிலாந்துக்குப் போகிறாள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஒவ்வொரு கடிதத்திலும் எழுத நினைத்து, எழுதாமல் விட்டேன். என் பிள்ளை போய் ஆரோ ஒருவரின் தாய் தேப்பனைக் குளிக்க வார்க்கப் போகிறாள், இங்கே என்னை ஆர் பார்க்கிறது? அந்தக் கோபத்தை எல்லாம் உங்களில் கொட்டினேன்.

அவளுக்குப் படிப்பில் சோதனை வருகிறது. ஊட்டிப் பழக ஆள் வேண்டும் என்று என்னை இருத்தினாள். "அம்மா, நீங்கள் கை வழங்காத, தானாகச் சாப்பிட ஏலாத ஆள் மாதிரி இருங்கோ" என்றாள். "எனக்குக் கை வழங்காட்டி உன்ர வாயை ஆர் மூடுறது?" என்று கேட்டேன். கோபத்தோடுதான் வாயைத் திறந்தேன். கஞ்சியை ஊதி, உதட்டில் தொட்டுச் சூடு பார்த்துத் தந்தாள். தந்துவிட்டு அடுத்த கரண்டி எடுக்கவில்லை. நான் விழுங்கும் மட்டும் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கின பிறகுதான் எடுத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "சூடோ அம்மா?" என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பாலத்துக் கதை சரிதான். நான் சைக்கிளை வாங்கினதை மறந்துபோனேன். அந்தப் பொடியனை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

மச்சாள், ஒன்றே ஒன்று எழுதுங்கோ. நீங்கள் இல்லாத நேரம் அண்ணைக்கு ஊட்டுகிற பிள்ளை, அவர் விழுங்கும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறாளா?

உங்கள்
ராணி

*

மோர்னிங்சைட்
டிசெம்பர் 10, 2023

அன்பு ராணி,

உம்முடைய கடிதம் கையில் கிடைத்தபோது பஸ்ஸுக்கு நின்றேன். பனி கொட்டியது. கையுறையைக் கழற்றி அங்கேயே பிரித்து வாசித்தேன். விரல் இன்னும் நோகிறது. மற்றபடி சுகம்.

நீர் கேட்டதை நான் சும்மா எழுதிவிடக்கூடாது என்று பார்த்துவிட்டு வந்தேன். வழமையாகப் போகிற நேரத்துக்குப் போகவில்லை. காலைச் சாப்பாட்டு நேரம் சொல்லாமல் போய்க் கதவடியில் நின்றேன். ஊட்டுகிற பிள்ளை எந்த நாட்டிலிருந்து வந்தவள் என்று எனக்குத் தெரியாது. தன் பாஷையில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு ஊட்டினாள். ஒரு கரண்டி கொடுத்தாள். கரண்டியைக் கோப்பைக்குள் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அவர் வாயில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். அவளும் ஜன்னலைப் பார்த்தாள். அவர் விழுங்கினார். பிறகுதான் கரண்டி எழும்பியது.

ஓம், ராணி. விழுங்கும் வரை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவளைக் கண்டபோது துர்க்காவை நினைத்தேன். துர்க்கா போகப் போகிற இடத்திலும் ஒரு கிழவி கதவடியில் நின்று பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பிப் போவாள். உம்மை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. விடை தெரியாததைத் தெரிந்தமாதிரிச் சொல்ல மாட்டேன். நிரூபனிடம் பேசியிருக்கிறேன். நீர் தனிய யோசிக்கத் தேவையில்லை என்று மட்டும் இப்போதைக்குச் சொல்லலாம்.

நேற்று நடந்த ஒன்று. இல்லத்துக்குப் போவதற்கு முன் கொஞ்சம் சோறும் பருப்பும் சமைத்தேன். அந்த வயலில் இருந்தது போல ஒரு கதிரையில் இருந்து, எழும்பாமல் சாப்பிட்டேன். தொலைபேசி அடித்தது. எடுக்கவில்லை. பிறகு பஸ் பிடித்துப் போனேன். மத்தியானச் சாப்பாட்டை ஊட்டினேன். முடிந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இரகசியம் சொல்வது போலக் குனிந்தார்.

"ராணி," என்றார். "மனோ சாப்பிட்டிட்டாவோ?"

நான் அவர் வாயைத் துடைத்துவிட்டேன். அவர் விடவில்லை.

"அவ எல்லாருக்கும் குடுத்திட்டுத்தான் சாப்பிடுவா. நீர் போய்ப் பாரும்."

"ஓம் அண்ணை," என்றேன். "அவ சாப்பிட்டிட்டா. சுடச்சுடச் சாப்பிட்டவ."

"அப்ப சரி," என்று சாய்ந்துகொண்டு கண்ணை மூடினார்.

நான் பொய் சொல்லவில்லை, ராணி. நேற்று அது உண்மையாக இருந்தது. அது பொய்யாக இருந்த நாட்களில் அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று பஸ்ஸில் வரும்வழி முழுக்க யோசித்தேன்.

நீரும் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு நின்றபடி சாப்பிடுகிறவர்தான். முழங்கால் வீங்குவது வெயிலால் இல்லை. உம்முடைய அண்ணை இனி உம்மிடம் கேட்க மாட்டார். அவருக்குப் பதிலாக நான் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தை மடித்து வையும். ஒரு தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு கதிரையில் இரும். யார் கூப்பிட்டாலும், தட்டு வெறுமையாகும் வரை எழும்பாமல் சாப்பிட்டுப் பாரும்.

மனோ